கொடி வளருது, காய் இல்லை: ஸ்கார்பரோ போன காஞ்சி அவரை

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, குளிர் பிரதேசத் தோட்டம் பற்றியவை. மூன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்தே வந்திருப்பதால் ஒரே இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். முதல் கடிதத்துக்கு இடம் கூடுதலாகப் போகும். அந்த அம்மா சித்திரையில் விமானம் ஏறுகிறார். அதற்குள் ஒரு காரியம் நடந்தாக வேண்டும்.

'ஐயா, வணக்கம். நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம். பெண்ணைக் கனடாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். டொராண்டோவில் ஸ்கார்பரோ என்ற பகுதியில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது. போன வருஷம் மாப்பிள்ளை ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டு அவரை விதை ஒரு கைப்பிடி கொண்டுபோனார். என் மாமியார் காலத்திலிருந்து விடாமல் எடுத்துவைக்கிற விதை. மே மாசம் போட்டார்கள். கொடி பந்தலை மூடி வேலி மேலெல்லாம் ஏறிவிட்டதாம். ஒரு காய் இல்லை. அக்டோபரில் பனி விழுந்து ஒரே ராத்திரியில் எல்லாம் கருகிப்போச்சு. உரம் பத்தலையா, கண்ணு பட்டுதா தெரியவில்லை. பேறுகாலத்துக்கு நான் சித்திரையில் போகிறேன், ஆறு மாசம் இருப்பேன். பின்கட்டில் இரண்டாவது தறிக்கு அறை போட்டுவிட்டதால் இங்கே பந்தலுக்கு இடம் இல்லை. மீதி இருக்கிற இரண்டு கைப்பிடி விதையையும் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் கொண்டுபோய் அங்கே நானே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். எந்தப் பட்டத்தில் போட வேண்டும்? பூ வர என்ன தெளிக்க வேண்டும்?'

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்த இரண்டு கைப்பிடி விதையை ஊரைவிட்டு எடுத்துப் போகாதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்கும் மனசு ஒப்பும்.

கண்ணும் படவில்லை, உரமும் குறையவில்லை. கொடி அப்படி ஓடியிருக்கிறது என்றால் மண்ணில் சத்து தாராளமாகவே இருந்திருக்கிறது. எந்த டானிக்கைத் தெளித்தாலும் அந்த அவரை அங்கே ஜூலையில் பூத்திருக்காது. காரணம் பகல் நேரம்.

நம் ஊரில் பந்தல் அவரையை ஆடியில் போடுகிறோம். ஆவணி, புரட்டாசியில் கொடி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பூ தள்ளும். பொங்கல் குழம்புக்கு அவரைக்காய் கொல்லையிலிருந்தே வரும். மழை பெய்து மண் குளிர்ந்ததால் பூத்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் செடி கணக்குப் பார்ப்பது இரவின் நீளத்தை. இரவு ஒரு அளவுக்கு மேல் நீண்டால்தான் பழைய நாட்டு அவரைக்குப் பூக்கும் புத்தி வரும். பகல் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதுவரை இலையும் தண்டும்தான்.

காஞ்சிபுரத்தில் ஆண்டிலேயே நீண்ட பகல் ஆனி மாதத்தில் வருகிறது, சுமார் 12 மணி 50 நிமிடம். மார்கழியில் குறைந்த பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்குத் தெரிவதுகூட இல்லை, ஆனால் அவரைக்குத் தெரியும். டொராண்டோவில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம். டிசம்பரில் 9 மணி நேரம்தான். உங்கள் பெண் மே மாதம் விதைத்தபோதே அங்கே பகல் 14 மணியைத் தாண்டியிருக்கும்.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். செப்டம்பர் 22, 23 தேதியில், அதாவது புரட்டாசி முதல் வாரத்தில், காஞ்சிபுரமானாலும் கனடாவானாலும் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அதன் பிறகுதான் இரண்டு ஊரிலும் இரவு நீளம். ஆகவே உங்கள் அவரைக்கு இங்கே எப்போது பூக்கும் நேரம் வருகிறதோ, அங்கேயும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. இங்கே அதற்குப் பிறகு நான்கு மாதம் இதமான காலம். அங்கே மூன்று, நான்கு வாரத்தில் உறைபனி வந்துவிடுகிறது. பூ எடுக்கும் முன்பே கொடி செத்துப்போகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் செய்ததில் தப்பே இல்லை.

இது அவரைக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 1920-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். அந்த ரகம் கோடையில் வயலில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூக்கும். உரம், ஈரம், வெப்பம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் செடிகளைச் சாயங்காலத்திலேயே இருட்டு அறைக்குள் தள்ளிப் பார்த்தார்கள். கோடையிலும் பூத்துவிட்டது. நம் ஊரில் ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி போடுகிறவர்கள் ராத்திரியில் பல்பு எரியவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரவை உடைத்துப் பூவைத் தள்ளிப்போடும் வேலைதான் அது. அவரை, சாமந்தி, துவரையின் பழைய ரகங்கள், சிறகவரை, புளிச்சகீரை எல்லாம் இந்தக் குலம்.

அப்படியானால் அங்கே அவரையே முடியாதா என்றால், முடியும். பகல் நீளத்தைப் பார்க்காத குத்து அவரை ரகங்கள் வந்துவிட்டன. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் அப்படிப்பட்டவை. பந்தல் வேண்டாம், தொட்டியிலும் வரும். நாட்டு அவரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இருட்டு வைத்தியம் ஒன்று உண்டு. பெரிய தொட்டியில் ஒரே ஒரு கொடியை நுனி கிள்ளிக் குட்டையாக வளர்க்க வேண்டும். ஜூலையில் தொடங்கி தினமும் மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை வெளிச்சமே புகாத கறுப்புத் துணியாலோ பெட்டியாலோ மூட வேண்டும். மொட்டு தெரியும்வரை, மூன்று நான்கு வாரம், ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது நடக்கிற காரியமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால் வேண்டாம் என்போம்.

இனி விதை கொண்டுபோகும் விஷயம். சேலை மடிப்பில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் விதையைச் சுருட்டி வைத்து அனுப்புவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அதில் ஆபத்து இருக்கிறது. கனடாவில் இறங்கும்போது செடி, விதை, உணவுப் பொருள் ஏதும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். மறைத்து மாட்டினால் பொருளும் போகும், அபராதமும் உண்டு. வயதான காலத்தில் மொழி தெரியாத இடத்தில் அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு? எந்தப் பயிர் விதையை எப்படிக் கொண்டுவரலாம் என்பதைக் கனடா உணவு ஆய்வு முகமை தன் இணையதளத்தில் பயிர்வாரியாகப் போட்டிருக்கிறது. மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பயிர்நலச் சான்று கேட்கும் விதையாக இருந்தால், சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தை அணுகலாம். தக்காளி, மிளகாய் விதைக்குக் கெடுபிடி அதிகம். விதையோடு போகிற வைரஸ் நோய்தான் காரணம்.

கறிவேப்பிலைக் கன்றை நினைக்கவே வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் இருக்கும் சைலிட் என்ற சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பசுமையாதல் நோயைப் பரப்பும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005-ல் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் எவ்வளவோ அழிந்துவிட்டன. ஒரு கொத்து இலைக்குக்கூட விமான நிலையத்தில் முகம் சுளிப்பது அதனால்தான். ஸ்கார்பரோவில் தமிழர் வீடுகளுக்குக் குறைவில்லை. தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருப்பவர் யாரிடமாவது வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் முன், அதாவது செப்டம்பர் கடைசியில், தொட்டியை வீட்டுக்குள் தெற்கு ஜன்னல் ஓரம் வைத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை கொட்டும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மண் காய்ந்த பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வைத்திருந்தால் வசந்தத்தில் துளிர்த்துவிடும். தினம் தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகும். முருங்கைக்கும் இதே முறைதான். உள்ளே வைக்கும்போது ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிடலாம். காய் எதிர்பார்க்காதீர்கள், கீரை கிடைக்கும்.

நீங்கள் அங்கே இருக்கப்போகிற சித்திரை முதல் ஐப்பசி வரை, அங்கத்திய சாகுபடிக் காலம் முழுவதுமே உங்கள் கையில் இருக்கிறது. அதனால் அங்கத்திய பட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை அங்கே மறந்துவிடுங்கள். ஆடியில் அங்கே அறுவடை தொடங்கியிருக்கும்.

கனடாவில் மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை விக்டோரியா தினம், அரசு விடுமுறை. டொராண்டோ பக்கத்துக்காரர்களுக்கு அந்த வார இறுதிதான் நாற்று நடும் கணக்கு. அதற்கு மேல் உறைபனி பயம் பெரும்பாலும் இல்லை. அக்டோபர் நடுவில் மறுபடி வந்துவிடும். நடுவில் கிடைப்பது சுமார் ஐந்து மாதம். அதிலும் நம் பயிருக்கு வேண்டிய சூடு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும்தான்.

அதனால் கத்தரி, மிளகாய், தக்காளி விதையைப் பங்குனியிலேயே வீட்டுக்குள் போட்டுவிட வேண்டும். நீங்கள் போவதற்குள் நேரம் தப்பிவிடும். பெண்ணிடம் போனில் சொல்லி இப்போதே போடச் சொல்லுங்கள். கத்தரி நாற்றுக்கு எட்டு முதல் பத்து வாரம் வேண்டும். குளிர்ந்த மண்ணில் அவசரப்பட்டு நட்டால் கத்தரி அப்படியே உறைந்து நிற்கும், பிறகு சூடு வந்தாலும் தேற நாளாகும். பாகல், புடலை, சுரை விதையை மே முதல் வாரம் காகிதக் கோப்பையில் போட்டால் போதும். வெண்டையும் அப்படியே. வெண்டைக்கு ஆணிவேர் உடைந்தால் ஆகாது, கோப்பையோடு நடுங்கள். வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் பகலில் வெளியிலும் ராத்திரி உள்ளேயும் வைத்து நாற்றைப் பழக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாற்றை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும்.

நீங்கள் போய் இறங்கியதும் செய்ய வேண்டிய வேலை வேறு. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, பட்டாணி எல்லாம் லேசான குளிரைத் தாங்கும். சித்திரையிலேயே நேராக மண்ணில் தூவிவிடலாம். கொத்தமல்லி நீண்ட பகலும் சூடும் வந்தால் இலை கொடுக்காமல் பூத்துவிடும். அதனால் ஜூன், ஜூலையில் போடாமல் மறுபடி ஆகஸ்ட் கடைசியில் தூவுங்கள். அதற்கு நேர்மாறு தண்டுக்கீரை, சிறுகீரை. ஜூன் நடுவில் போட்டால் ஒரு மாதத்தில் பறிக்கலாம். கீரைதான் அங்கே நம்மவர்களைக் கைவிடாத பயிர்.

இடம் பார்க்கும்போது ஒரு விஷயம். காஞ்சிபுரத்தில் சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். டொராண்டோவில் ஒருநாளும் உச்சிக்கு வராது. வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். வீட்டுக்கு வடக்கே நிழல் நீளமாக விழும். பந்தலையும் பாத்தியின் வடக்கு ஓரத்தில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் புடலைக்கொடி கத்தரிக்கு வெயிலை மறைத்துவிடும். பாத்தியை ஒரு அடி உயர்த்திப் போட்டால் மண் சீக்கிரம் சூடேறும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்து வைத்தால் இன்னும் நல்லது. செப்டம்பர் கடைசியில் பனி விழும் என்று வானிலையில் சொன்ன ராத்திரிகளில் பழைய போர்வையைச் செடி மேல் போட்டு மூடுங்கள். நீலகிரியில் இளம் தேயிலைச் செடிக்கு உறைபனிக் காலத்தில் புல்லும் தழையும் போட்டு மூடுவார்களே, அதே வேலைதான். இரண்டு வாரம் கூடுதல் காய்ப்பு கிடைக்கும்.

ஐப்பசியில் நீங்கள் கிளம்புவதற்கு முன் பூண்டுப் பல்லை ஊன்றிவிட்டு வாருங்கள். பூண்டு குளிரைக் கேட்கும் பயிர். பனிக்கு அடியில் கிடந்து வசந்தத்தில் முளைத்து அடுத்த ஜூலையில் எடுக்கலாம். கடையில் வாங்கும் பூண்டு வேண்டாம், அங்கத்திய விவசாயிகள் விற்கும் விதைப் பூண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒன்டாரியோ மாநிலத்தில் வைன்லாந்து என்ற தோட்டக்கலை ஆராய்ச்சி மையம் வெண்டை, நீளக் கத்தரி, நீளக் காராமணி போன்றவற்றை அந்தத் தட்பவெப்பத்தில் வளர்த்துப் பார்த்திருக்கிறது. புலம்பெயர்ந்து போனவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வேலையே தொடங்கியது. பிப்ரவரி, மார்ச்சில் கனடா முழுக்கப் பல ஊர்களில் 'சீடி சாட்டர்டே' என்று விதைப் பரிமாற்றச் சந்தை கூடும். அங்கே சில ஆண்டுகள் வளர்ந்து, விதைக்காகத் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட நம் ஊர்க் காய்கறி விதை கிடைத்தால் விடாதீர்கள். ஊரிலிருந்து நேராகப் போகும் விதையைவிட அதுதான் அங்கே கைகொடுக்கும்.

பின்கட்டு மண் போதாவிட்டால், டொராண்டோ மாநகராட்சி பூங்காக்களில் தனித்தனிப் பாத்தியாக ஆண்டுக் கட்டணத்துக்கு நிலம் தருகிறது. பலர் கூடி நடத்தும் சமுதாயத் தோட்டங்களும் உண்டு. பாத்திக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம், ஆனால் சமுதாயத் தோட்டத்தில் கூடமாட வேலை செய்யப் போகிறவரை யாரும் வேண்டாம் என்பதில்லை. பேறுகாலம் பார்க்கப் போகிற அம்மாக்கள் பெரும்பாலும் நாலு சுவருக்குள் ஆறு மாசத்தைக் கழித்துவிட்டு வருகிறார்கள். வாரத்தில் ஒரு காலை வேளை அங்கே போய் வாருங்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவராவது அங்கே கத்தரிக்குக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருப்பார், பேச்சுத்துணையும் ஆயிற்று.

மறுபடி அந்த இரண்டு கைப்பிடிக்கு வருகிறோம். அங்கே போடுகிற நாட்டு அவரை காய்க்காது, காய்க்காவிட்டால் விதையும் திரும்பாது. மாப்பிள்ளை கொண்டுபோன கைப்பிடி அப்படித்தான் போனது. நீங்கள் இருப்பதையும் கொண்டுபோய், ஆடியில் ஊரிலும் யாரும் போடாமல் விட்டால், உங்கள் மாமியாரின் அவரை இந்த வருஷத்தோடு முடிந்தது. கடையில் அதே ரகம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டு விதை என்பது அந்த வீட்டிலும் அது பங்கு கொடுத்த வீடுகளிலும் மட்டுமே இருப்பது.

ஆகவே கிளம்புவதற்கு முன் விதையை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை இந்த ஆடியில் வீட்டில் இருப்பவர்களிடம் மாடியில் போடச் சொல்லுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தொழு உரமும் சம பங்கு நிரப்பி, வாளிக்கு இரண்டு விதை. கைப்பிடிச் சுவரிலிருந்து நாலு கயிறு கட்டினால் அதுவே பந்தல். தறிக்காரர் வீட்டில் கயிறு கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடி விளக்கோ தெருவிளக்கோ ராத்திரி முழுக்க நேராக அடிக்கிற மூலையில் மட்டும் வைக்க வேண்டாம், பூ தள்ளிப்போகும். இரண்டாவது பங்கை நிலம் வைத்திருக்கிற உறவினர் யாரிடமாவது கொடுங்கள், வேலியோரம் போட்டால் போதும். தையில் முதல் பறிப்புக் காயில் நல்ல கொத்து நாலைந்தை விதைக்கு விட்டுவிட வேண்டும் என்று சொல்லியே கொடுங்கள். மூன்றாவது பங்கை நன்றாகக் காயவைத்து, கடித்தால் உடைகிற பதத்தில், சலித்த சாம்பலும் வசம்புத் தூளும் கலந்து காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். பயறு வண்டு விழுந்தால் ஒரே மாதத்தில் எல்லாம் ஓட்டையாகிவிடும், அதனால் சாம்பலில் கஞ்சத்தனம் வேண்டாம். முளைப்புத்திறன் ஆண்டுக்கு ஆண்டு குறையும். அடுத்த ஆடிக்கு அதையும் போட்டுவிடுங்கள்.

பெண்ணுக்கு அவரைக்காய் ஆசை என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தைப்பொங்கலுக்கு வரட்டும்.

'என் மகன் ராணுவத்தில் லே-யில் இருக்கிறான். குளிர்காலத்தில் பச்சைக் காய்கறியே பார்க்க முடியாது என்கிறான். அங்கே எதுவுமே விளையாதா?' என்று உத்திரமேரூரிலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்.

விளைகிறது ஐயா. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழை மிகக் குறைவு. ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலைப் பிடித்து வைப்பதுதான் அங்கே விவசாயம். ராணுவத்துக்குக் காய்கறி விளைவிப்பதற்காகவே 1962-ல் லே-யில் ஒரு கள ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இப்போது டிஹார் என்ற பெயரில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. அங்கே கிராமங்களில் கட்டுகிற குடில் எளிமையானது. கிழக்கு மேற்காக நீளம். வடக்கு, கிழக்கு, மேற்குப் பக்கங்களில் தடித்த மண்செங்கல் சுவர். தெற்குப் பக்கம் மட்டும் சாய்வாக பாலித்தீன். பகலில் சுவர் சூட்டை வாங்கி ராத்திரி திருப்பிக் கொடுக்கும். சாயங்காலம் பாலித்தீன் மேல் துணியை இழுத்து மூடிவிடுவார்கள். நெருப்போ மின்சாரமோ இல்லாமலே வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது உள்ளே கீரை பறிக்கிறார்கள். ஒரு ஆள் இடுப்பளவு பள்ளம் தோண்டி மேலே பாலித்தீன் மூடுகிற குழிக்குடிலும் உண்டு, செலவு இன்னும் குறைவு. உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கியை மண்ணுக்கு அடியில் பள்ளத்தில் புதைத்து வைத்துக் குளிர்காலம் முழுக்க எடுக்கிற பழக்கமும் அங்கே உண்டு. உங்கள் மகனின் முகாமுக்குப் பக்கத்தில் இதெல்லாம் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை விடுப்பில் வரும்போது படம் எடுத்துவரச் சொல்லுங்கள். (ஸ்கார்பரோ போகும் அம்மாவும் இதைக் கவனிக்கலாம். பழைய கண்ணாடி ஜன்னல் கதவு ஒன்றைப் பெட்டி மேல் தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தால் அதுவும் ஒரு சின்னக் குடில்தான். கொத்தமல்லியை மூன்று வாரம் முன்கூட்டியே போடலாம்.)

வாலாஜாபாத்திலிருந்து வந்த மூன்றாவது கடிதம் முதல் கடிதத்தைத் தலைகீழாக்கியது போல இருக்கிறது. 'மகன் கனடாவிலிருந்து பெரிய வெங்காய விதை பாக்கெட் கொண்டுவந்தான். படத்தில் ஒரு வெங்காயம் தேங்காய் அளவு. ஐப்பசியில் நாற்று விட்டு நட்டேன். நாலு மாசமாகத் தாள் மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறது, கீழே கிழங்கு இல்லை. பொட்டாஷ் போடவா?'

பொட்டாஷ் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். வெங்காயம் அவரைக்கு நேர் எதிர். பகல் நீண்டால்தான் கிழங்கு வைக்கும். நம் நாட்டு ரகங்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரப் பகல் போதும். வடக்கு நாட்டு ரகங்கள் 14 மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கின்றன. வாலாஜாபாத்தில் எந்த மாதத்திலும் பகல் 13 மணியைத் தொடாது. அந்தச் செடி இன்னும் ஒரு வருஷம் நின்றாலும் கிழங்கு வைக்காது. தாளை அறுத்து வெங்காயத்தாளாகச் சந்தைக்கு அனுப்புங்கள். நன்றாக விலை போகும்.

விதையை விமானத்தில் கொண்டுவருவது இந்தப் பக்கமும் சட்டப்படி சரியில்லை என்பதை மகனிடம் சொல்லிவையுங்கள். 2003-ல் வந்த இறக்குமதித் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி விதைக்கு அனுமதியும் பயிர்நலச் சான்றும் வேண்டும். விதை மூலம் வெங்காயம் போட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருப்பதால் சொல்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (ஆன்) 5 ரகத்தை விசாரியுங்கள். விதைக் காயாக இல்லாமல் விதையாகவே விதைக்கிற சின்ன வெங்காயம் அது. நாற்று 40, 45 நாளில் தயாராகும், பாத்தியில் தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.